நீல ‘நி’, சிவப்பு ‘நி’

எங்கள் பல்கலைக்கழகத்தின் ஆவணப் பிரிவுக்கு வருவதற்கு முன் அவர் பதினேழு வருடம் பேருந்தில் நடத்துநராக இருந்தார். முழங்கால் போனது. படிக்கட்டில் நின்று பயணம் செய்யக்கூடாது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். பிறகு ஒரு தேர்வு எழுதி, எழுத்தராக எங்களிடம் வந்து சேர்ந்தார். வேலை மாறியதே தவிர ஆள் மாறவில்லை. பேனா காதில்தான் இருக்கும். ஜன்னலுக்கு வெளியே மாணவர்கள் முண்டினால், “உள்ள போங்க, உள்ள போங்க, இடம் இருக்கு” என்பார். உள்ளே இடமே கிடையாது. அது பத்துக்கு எட்டடி அறை, அதில் ஏழு இரும்பு அலமாரிகள். எங்கள் எல்லோருக்கும் அவர் கண்டக்டர்தான். பதிவாளர் மேடம்கூடச் சில சமயம் கோப்பிலேயே ‘கண்டக்டர் பார்க்கவும்’ என்று எழுதிவிடுவார்.

என் செய்முறை அறை அவருடைய அறைக்கு அடுத்தது. நோயாளர் பராமரிப்பு படிக்கிற பிள்ளைகளுக்குப் படுக்கை விரிப்பது, ஆளைப் புரட்டிப் படுக்கவைப்பது, புண் வராமல் பார்ப்பது, வாய் கழுவிவிடுவது எல்லாம் அங்கேதான் சொல்லிக் கொடுப்பேன். இரண்டு அறைக்கும் நடுவில் பலகைத் தடுப்புத்தான். இந்தப் பக்கம் நான் ரப்பர் பொம்மையைக் குளிப்பாட்டுவது அவருக்குக் கேட்கும். அந்தப் பக்கம் அவர் எண்ணுவது எனக்குக் கேட்கும்.

எண்ணுவதில் அவருக்கு ஒரு முறை இருந்தது. விண்ணப்பங்களை எண்ணி இத்தனை மாணவர்கள் என்று எழுத மாட்டார். வகுப்புக்கே போய் வாசலில் நின்று ஆட்களை எண்ணிவிட்டு வருவார். “டிக்கெட்ட எண்ணினா வித்தது தெரியும் சிஸ்டரம்மா. தலைய எண்ணினாத்தான் வண்டியில யார் இருக்காங்கன்னு தெரியும்.” பிள்ளைகள் சிரிப்பார்கள். அவர் கவலைப்பட மாட்டார்.

அவருடைய மனைவி ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். வாய் கொஞ்சம் அதிகம். “எங்க வீட்ல ரெண்டு விசில் அடிச்சாத்தான் அக்கா இவர் நாற்காலிய விட்டே எந்திரிப்பார்” என்று என்னிடம் சொல்வார். அவர் பேசாமல் இருப்பார். பேசினால் தோற்றுவிடுவோம் என்பது அவருக்குத் தெரியும்.

இப்போது அங்கீகாரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆறு வருடத்துக்கு ஒரு முறை வெளியிலிருந்து ஒரு மதிப்பீட்டுக் குழு வந்து எங்கள் படிப்பைப் பார்க்கும். என்ன சொல்லிக் கொடுக்கிறோம், எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள் என்று துருவும். அவர்கள் சரி என்றால்தான் எங்கள் பிள்ளைகள் உரிமத் தேர்வு எழுதலாம். உரிமம் இல்லாதவரை எந்த மருத்துவமனையும் படுக்கைக்குப் பக்கத்தில் விடாது. இந்த முறை ஒரு புது விதி வேறு வந்திருந்தது: சேர்ந்தவர், முடித்தவர் கணக்கைப் பல்கலைக்கழகம் தன் இணையப் பக்கத்தில் எல்லோரும் பார்க்கிற மாதிரி போட வேண்டும். பதிவு எண்ணைத் தட்டினால் அந்த ஆள் முடித்தாரா இல்லையா என்றும் தெரிய வேண்டும்.

கண்டக்டர் போட்டார். கடைசி ஐந்து பேட்ச். மொத்தம் சேர்ந்தவர்கள் இருநூற்று நாற்பது. முடித்தவர்கள் இருநூறு. நூற்றுக்கு எண்பத்து மூன்று. எங்களுக்கு நாங்களே வைத்துக்கொண்ட குறி எண்பது. பதிவாளர் மேடம் அந்த எண்ணைப் பெரிய எழுத்தில் அச்சடித்து நுழைவாயிலில் ஒட்டச் சொன்னார். கீழே கண்டக்டரின் கையெழுத்து. அந்தக் கணக்கை நம்பிக் கடைசி வருடத்தில் நாற்பத்தாறு பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள்.

குழு வருவதற்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது ஒரு பெண் ஜன்னலுக்கு வந்தாள். முப்பது வயது இருக்கும். முதியோர் இல்லத்துச் சீருடை.

“சார், என் சர்டிபிகேட் வேணும்.”

“நம்பர் சொல்லுங்க.”

சொன்னாள். இவர் தட்டிப் பார்த்தார். “முடிச்சிருக்கீங்களே. இத்தனை வருஷமா வாங்கலையா?”

“நான் எங்க சார் முடிச்சேன்? ரெண்டாம் வருஷம் ஆரம்பிச்சுப் பத்தே நாள்ல நின்னுட்டேன்.”

“அப்ப எதுக்கு சர்டிபிகேட்?”

“நீங்கதான முடிச்சேன்னு போட்டிருக்கீங்க! எங்க மேனேஜர் கம்ப்யூட்டர்ல பாத்துட்டு, முடிச்சத ஏன் மறைச்சே, சர்டிபிகேட்டக் கொண்டான்னு குடையிறாரு. நான் முடிக்கலன்னு சத்தியம் பண்றேன். யுனிவர்சிட்டி பொய் சொல்லுமான்னு கேக்கறாரு. நீங்களே சொல்லுங்க சார், பொய் சொல்றது யாரு? நீங்களா, நானா?”

தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் கேட்டுக்கொண்டிருந்தேன். எட்டிப் பார்த்தேன். ஆளை அடையாளம் தெரிந்தது. முதல் வருடச் செய்முறையில் விரிப்பின் மூலையை மடிப்பதில் இவளை மிஞ்ச ஆள் கிடையாது.

“அவ முடிக்கல கண்டக்டர்” என்றேன். “எனக்குத் தெரியும்.”

அவர் காதிலிருந்த பேனாவை எடுத்து மேசையில் வைத்தார். அப்படி அவர் வைத்து நான் பார்த்ததில்லை. அந்தப் பெண் ‘இவர் படிப்பை முடிக்கவில்லை’ என்று முத்திரை குத்திய கடிதம் ஒன்றை வாங்கிக்கொண்டு, “அப்பாடா” என்று போனாள். முடிக்காததற்குச் சான்றிதழ் கேட்டு வாங்கிப் போன ஒரே ஆள் அவள்தான்.

விஷயம் இதுதான். கடைசி மூன்று பேட்ச் எங்கள் பல்கலைக்கழகத்திலேயே சேர்ந்தவர்கள். அவர்கள் கணக்கு கண்டக்டர் தன் கையால் வைத்தது. நூற்று நாற்பத்து நான்கு பேரில் நூற்றெட்டுப் பேர் முடித்தார்கள், அதில் சந்தேகமில்லை. முதல் இரண்டு பேட்ச் அப்படி இல்லை. அப்போது இந்தப் படிப்பு ஒரு சின்னப் பயிற்சி நிறுவனத்தில் நடந்தது. ஐந்து வருடத்துக்கு முன் அதை மூடி, படிப்பையும் என்னையும் ரப்பர் பொம்மையையும் ஒரே வண்டியில் ஏற்றிப் பல்கலைக்கழகத்தில் இறக்கினார்கள். கூடவே ஒரு நீளப் பதிவேடு வந்தது. அதை ஸ்கேன் பண்ணிவிட்டு, இடமில்லை என்று அசலைக் காகித ஆலைக்குக் கூழாக்க அனுப்பிவிட்டார்கள். அந்த ஸ்கேனில் குறிப்புப் பத்தியில் நான்கு பேருக்கு ‘மாற்றல்’. மிச்சம் தொண்ணூற்றிரண்டு பேருக்கும் ஒரே எழுத்து: ‘நி’.

நி என்றால் நிறைவு என்று எடுத்துக்கொண்டார் கண்டக்டர். தொண்ணூற்றாறில் தொண்ணூற்றிரண்டு பேர் முடித்த அதிசயத்தை நான் முன்பே பார்த்திருந்தால் சிரித்திருப்பேன். அந்த இணையப் பக்கத்தை நான் திறந்ததே இல்லை. அது என் தப்பு.

அந்த நிறுவனத்தில் எழுத்தராக இருந்தவர் இப்போது மகள் வீட்டில் இருக்கிறார். காது மந்தம். தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டுக் கண்டக்டர் கத்தினார்.

“ஐயா, பதிவேட்டுல ‘நி’ன்னு எழுதியிருக்கீங்களே, அது என்ன?”

“எது?”

“நி! நி!”

“நீயா? நான்தான் பேசறேன், நீ யாரு?”

மகள் வாங்கி அவர் காதில் ஏதோ சொன்னார். பிறகு அவர் உற்சாகமாக விளக்கினார். “நிறைஞ்சா நி. நின்னா நி. இதுல என்ன குழப்பம்?”

“ரெண்டுக்கும் ஒரே எழுத்தா ஐயா?”

“ஒரே எழுத்துன்னா? நிறைவுக்கு நீலம், நின்னதுக்குச் சிவப்பு. கண்ணு தெரியாதவனுக்குக்கூடத் தெரியுமே!”

ஸ்கேன் கறுப்பு வெள்ளை.

கண்டக்டர் போனை வைத்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை. “பஸ்ல இருந்தப்ப நீங்க ‘நி’ன்னு எழுதினா என்ன அர்த்தம்?”

“நிறுத்தம்.”

“அதையே இங்கயும் வச்சுப் படிச்சிருந்தா சந்தேகமாவது வந்திருக்கும்.”

அவர் சிரிக்கவில்லை. “நாப்பத்தாறு புள்ளைங்க சிஸ்டரம்மா” என்றார். “என் கையெழுத்துல.”

இரண்டு பேரும் பதிவாளர் மேடத்திடம் போனோம். மேடம் கெட்டவர் இல்லை. பயந்தவர். பயந்தவர்கள் சொல்வதைத்தான் சொன்னார்.

“இது யாருக்கெல்லாம் தெரியும்?”

“எங்க ரெண்டு பேருக்கு. அப்புறம் அந்தப் பொண்ணுக்கு, அவங்க மேனேஜருக்கு, பழைய எழுத்தருக்கு, அவர் மகளுக்கு” என்றார் கண்டக்டர்.

“போதும் போதும். குழு வந்துட்டுப் போகட்டும் கண்டக்டர். அப்புறம் அமைதியாத் திருத்திக்கலாம். இப்ப எண்பதுக்குக் கீழ போச்சுன்னா கோட்டை விட்டுடுவோம். அந்தப் புள்ளைங்க உரிமத் தேர்வு எழுத வேணாமா?”

“எழுதணும் மேடம். அதுக்குத்தான் சொல்றேன். அந்த மேனேஜர் மாதிரி குழுவுல ஒருத்தர் நாலு நம்பரத் தட்டிப் பாத்தா? தப்புன்னு அவங்களாக் கண்டுபிடிச்சா மூணு பேட்ச் சரியான கணக்கையும் நம்ப மாட்டாங்க.”

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது. “சரியான கணக்கு எவ்வளவுன்னாவது தெரியுமா?”

“தெரியாது. எண்ணணும்.”

“எதை வச்சு எண்ணுவீங்க? பதிவேடுதான் கூழாப் போச்சே.”

“ஆளுங்க கூழாப் போகலையே மேடம்.”

மேடம் என்னைப் பார்த்தார். “குழுவுக்கு நாளைக்கு ஒரு கடிதம் அனுப்பறேன்” என்றார் கடைசியில். “போட்ட எண்ணுல சந்தேகம் இருக்கு, சரிபாத்துக்கிட்டிருக்கோம்னு. ஆனா அவங்க வந்து உக்காரும்போது என் மேசையில சரியான எண் இருக்கணும். இல்லன்னா நான் பதில் சொல்ல முடியாது.”

வெளியே வந்ததும் கண்டக்டர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். பாதிப் பாரம் அங்கேயே இறங்கிவிட்டது என்று நினைக்கிறேன். மேடம் கடைசிவரை மறைக்கத்தான் சொல்லியிருந்தால் அவர் என்ன செய்திருப்பார் என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரிந்திருக்காது.

உரிமத் தேர்வு வாரியத்துக்கு எழுதிக் கேட்டோம். பதில் தர ஆறு வாரம் ஆகும் என்று மறுநாளே பதில் வந்தது. ஆகவே போன்தான். தொண்ணூற்றிரண்டு பேர். பாதி எண்கள் செத்துப்போனவை. எனக்கு முகம் ஞாபகம் இருந்தது. இன்னாருக்கு இன்னார் தோழி, இன்னார் எந்த மருத்துவமனையில் சேர்ந்தாள் என்பதெல்லாம் கொஞ்சம் ஞாபகம் இருந்தது. ஒருத்தியைப் பிடித்தால் அவளிடமிருந்து நான்கு பேர் எண் கிடைக்கும். ஞாபகத்தை மட்டும் வைத்து ஒரு ஆளையும் கணக்கில் சேர்க்க கண்டக்டர் விடவில்லை. முடித்தேன் என்று சொல்பவர் சான்றிதழைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். அனுப்பினால்தான் நீலப் பேனா.

போன் பேசுவது அவர், பெயர்களைத் துருவிச் சொல்வது நான். இடையில் வகுப்பு இருந்தால் ஓடிப்போய்ப் பொம்மையைப் புரட்டிவிட்டு வருவேன்.

“வணக்கம்மா, யுனிவர்சிட்டி ஆவணப் பிரிவுலேர்ந்து பேசறேன். நீங்க படிப்ப முடிச்சீங்களா, நின்னுட்டீங்களா?”

“என் மாமியார் பேச வச்சாங்களா உங்கள?” என்றாள் ஒருத்தி.

இன்னொருத்தி, “நின்னேன் சார்” என்றாள். இவர் சிவப்புப் பேனாவை எடுத்தார். “எப்பம்மா நின்னீங்க?”

“எப்பன்னா? கடைசி வரைக்கும்தான். கூடச் சேந்த மூணு பேரும் போய்ட்டாளுங்க, நான் மட்டும் நின்னேன். முடிச்சேன். இப்ப ஐசியூல இருக்கேன்.”

“உடம்புக்கு என்னம்மா?”

“வேலை பாக்கறேன் சார்!”

அதற்குப் பிறகு ‘நின்னீங்களா’ என்று கேட்பதை விட்டுவிட்டார். “சர்டிபிகேட் கையில இருக்கா?” என்று மட்டும்தான் கேட்டார். பழைய எழுத்தரைச் சொல்லிக் குற்றமில்லை. நிற்பது என்றால் நமக்கு விட்டுப் போவதும் அதுதான், விடாமல் இருப்பதும் அதுதான்.

நின்றவர்களிடம் ஏன் என்றும் கேட்கச் சொன்னேன். முதலில் தயங்கினார். “நோண்டற மாதிரி இருக்காதா?”

“புண் எங்க இருக்குன்னு பாக்காம மருந்து போட முடியுமா? கேளுங்க.”

கேட்டார். ஒரு தாளில் எழுதினார். ஐந்தாம் நாள் அந்தத் தாளைத் தூக்கிக்கொண்டு தடுப்பைச் சுற்றி வந்தார். நான் பிள்ளைகளுக்குச் சக்கர நாற்காலியின் பிரேக்கைக் காட்டிக்கொண்டிருந்தேன்.

“சிஸ்டரம்மா, இதுவரைக்கும் நின்னவங்க பத்தொன்பது. அதுல பன்னெண்டு பேர் நின்னது ரெண்டாம் வருஷத்துல, மொதோ மாசத்துல.”

“ஆஸ்பத்திரிப் பயிற்சி ஆரம்பிக்கற மாசம். பயந்திருப்பாங்க.”

“பயமில்ல. டியூட்டி எத்தனை மணிக்கு?”

“காலைல ஆறு.”

“பன்னெண்டு பேருக்கும் வீடு ஆத்துக்கு அந்தப் பக்கம். அங்கேர்ந்து ஆஸ்பத்திரிக்கு மொதோ வண்டி அஞ்சு அம்பதுக்குக் கிளம்பும். ஆறு நாப்பதுக்குத்தான் சேரும். ஒன்பது வருஷம் அந்த ரூட்ல நான் போயிருக்கேன். மூணு தடவ லேட்டா வந்தா பயிற்சி ரத்துன்னு எழுதியிருக்கீங்க. அந்தப் பொண்ணுங்க வேற என்ன பண்ணும்?”

நான் பிரேக்கை விட்டுவிட்டேன். நாற்காலி ஒரு பிள்ளையின் காலில் போய் மோதியது. ஏழு வருடமாக நான் அந்தப் பெண்களைச் சோம்பேறிகள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சிலரிடம் சொல்லியும் இருக்கிறேன். அதைச் சரி செய்ய முடியாது. ஆறு மணியை ஏழாக்க முடியும். அன்றைக்கே மருத்துவமனைச் செவிலியர் தலைவிக்கு எழுதினேன்.

பதினோராம் நாள் சாயங்காலம் எண்ணிக்கை முடிந்தது. சான்றிதழ் பார்த்தது அறுபத்திரண்டு பேர். நின்றவர் இருபத்தேழு. மூன்று பேரை எங்கே தேடியும் பிடிக்க முடியவில்லை.

“அந்த மூணு பேரு?” என்றார் பதிவாளர் மேடம். “முடிச்சிருக்கலாமே.”

“இருக்கலாம். நான் பாக்கல மேடம். பாக்காதவங்கள நின்னவங்க பக்கம் போட்டுட்டேன்.”

“ஆக மொத்தம்?”

“நூத்தி எழுபது. நூத்துக்கு எழுபது புள்ளி எட்டு.”

“எழுபத்தி ஒண்ணுன்னு போட்டா என்ன? கணக்குப்படி அப்படிப் போடலாமே.”

“போடலாம். ஏற்கெனவே ஒருவாட்டி தாராளமாப் போட்டுட்டோம் மேடம்.”

மேடம் சிரித்துவிட்டார். அந்தப் பதினோரு நாளில் அவர் சிரித்தது அப்போதுதான். எண்பத்து மூன்றைக் கிழித்துவிட்டு எழுபது புள்ளி எட்டை அதே இடத்தில் ஒட்டினார்கள். இணையப் பக்கத்திலும் மாற்றினார்கள். அடியில் கண்டக்டர் நான்கு வரி எழுதினார்: முன்பு போட்ட எண் தவறு, தவறு எப்படி வந்தது, எப்படித் திருத்தினோம், இன்னும் தெரியாதது என்ன. அந்த நான்கு வரியை நான்தான் படித்துப் பார்த்தேன். ஒரு இடத்தில் ‘மிகவும் வருந்துகிறோம்’ என்று இருந்தது. ‘மிகவும்’ வேண்டாம் என்றேன். எடுத்துவிட்டார்.

குழுவில் மூன்று பேர். தலைவி தடித்த கண்ணாடி போட்ட அம்மா. குரல் மெதுவாக இருந்தது, பார்வை அப்படி இல்லை. முதல் நாள் மத்தியானமே ஆவணப் பிரிவுக்கு வந்துவிட்டார். நாற்காலி போட இடமில்லாததால் அலமாரியில் சாய்ந்து நின்றார். தடுப்புக்கு இந்தப் பக்கம் பிள்ளைகள் மூச்சு விடாமல் படுக்கை விரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரே விரிப்பை மூன்று தடவை விரித்தார்கள் என்று பிறகு கவனித்தேன்.

“எண்பத்தி மூணுன்னு எங்களுக்கு வந்த அறிக்கை ஒண்ணு. எழுபது சொச்சம்னு வாசல்ல ஒட்டின தாள் ஒண்ணு. நான் எதை நம்பறது?”

“ரெண்டையும் நம்ப வேணாம் மேடம்” என்றார் கண்டக்டர். அந்தப் பக்கம் பதிவாளர் மேடத்துக்கு இருமல் வந்தது. “ஃபைல் இருக்கு. ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு தாள். நம்பர் இருக்கு. நீங்களே கூப்பிட்டுப் பாருங்க.”

சும்மா சொல்கிறாரோ என்று அந்த அம்மா பார்த்தார். பிறகு உண்மையாகவே கோப்பை நடுவில் பிரித்து, கையில் வந்த ஐந்து தாளை உருவி, ஒவ்வொருவரையும் கூப்பிட்டார். நான்கு பேர் ஒழுங்காகப் பதில் சொன்னார்கள். ஐந்தாவது ஆள் என் பழைய மாணவி. வாய்த்துடுக்கு அப்போதே உண்டு. ஒலிபெருக்கியில் எல்லோருக்கும் கேட்டது.

“போன வாரம் ஒரு சார் கேட்டாரு. இப்ப நீங்களா? எத்தனை வாட்டிதாங்க ஒரு படிப்ப முடிக்கறது?”

அந்த அம்மா போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் வாயைக் கையால் மூடிக்கொண்டிருந்தார். பிறகு நின்றவர்களின் தாளைக் கேட்டார். பேருந்து நேரம் எழுதிய பக்கத்தில் வெகு நேரம் நின்றார்.

“இதுக்கு என்ன பண்ணினீங்க?”

பதில் நான் சொல்ல வேண்டியதாயிற்று. தடுப்பைச் சுற்றி வந்தேன். ஏழு மணிக்கு மாற்ற மருத்துவமனை ஒத்துக்கொண்டது, அடுத்த மாதத்திலிருந்து என்றேன். கடிதத்தைக் காட்டச் சொன்னார். காட்டினேன். எழுதிக்கொண்டார். நன்றாயிருக்கிறது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் இருந்துவிட்டு, முகத்தில் ஒன்றும் காட்டாமல் கிளம்பிப் போனார்கள்.

முடிவு வரப் பத்தொன்பது நாள் ஆனது. அந்தப் பத்தொன்பது நாளும் கடைசி வருடப் பிள்ளைகள் ஜன்னலைக் கடக்கும்போதெல்லாம், “சார், நமக்கு வந்துரும்ல?” என்று கேட்பார்கள். “வரும்” என்று அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. “படிங்க” என்பார். ஒரு பெண், “வராட்டி என்ன சார் பண்றது?” என்று கேட்டாள். அவள் போன பிறகு அவர் அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டு வெறுமனே கோப்புகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். நான் தேநீர் கொண்டுபோய் வைத்தேன். ஆறிப்போன பிறகு குடித்தார்.

கடிதம் வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு வந்தது. பதிவாளர் மேடம் உறையோடு ஆவணப் பிரிவுக்கே வந்து என்னையும் கூப்பிட்டார். “நீங்க பிரிங்க” என்று கண்டக்டரிடம் நீட்டினார். அவர் என் பக்கம் தள்ளினார். நான்தான் பிரித்தேன்.

அங்கீகாரம் உண்டு. ஆறு வருடத்துக்கு இல்லை, மூன்று வருடத்துக்கு. குறியை எட்டாததால் அப்படி. வருடா வருடம் முடித்தவர் கணக்கோடு நின்றவர் கணக்கையும், ஏன் நின்றார்கள் என்பதையும் வெளியிட வேண்டும் என்று நிபந்தனை. வாரியத்தின் பதில் வந்ததும் அதோடு ஒத்துப் பார்க்க வேண்டும். கடைசிப் பத்தியில் ஒரு வாக்கியம்: பல்கலைக்கழகம் தன் தவறைத் தானே கண்டு தெரிவித்ததால் மற்ற விவரங்களைக் குழு நம்பி ஏற்றுக்கொள்கிறது.

“அப்ப புள்ளைங்க தேர்வு எழுதலாமா?” என்றார் கண்டக்டர். அதற்குத்தான் அந்தக் கடிதமே. இருந்தாலும் கேட்டார்.

“எழுதலாம்யா!” என்று பதிவாளர் மேடம் கத்தினார். அவர் யாரையும் அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. தடுப்புக்கு இந்தப் பக்கம் யாரோ பொம்மையைக் கீழே போட்டுவிட்டார்கள். இருபது பிள்ளைகள் ஒரே நேரத்தில் கதவில் முண்டினார்கள். “உள்ள போங்க, இடம் இருக்கு” என்று அவர் சொல்லவில்லை, கடிதத்தை வாங்கி முதலிலிருந்து படித்துக்கொண்டிருந்தார். நான் அவர்களைத் திட்டித் துரத்தினேன். கட்டில் விரிப்பை அப்படியே விட்டுவிட்டு வந்திருந்தார்கள்.

அன்று மத்தியானமே மேடம் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். இனிமேல் எந்தப் பதிவேட்டிலும் யாரும் ஒற்றை எழுத்தில் சுருக்கி எழுதக்கூடாது. மேலே ‘ப.பி.சு.எ. 14’ என்று போட்டிருந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. விடுமுறை. பதினோரு மணி வாக்கில் கண்டக்டரின் மனைவி கூப்பிட்டார். எப்போதும் கேலியாகப் பேசுகிறவர், அன்றைக்குக் குரல் வேறாக இருந்தது.

“அக்கா, கொஞ்சம் வந்து பாக்க முடியுமா? நேத்து சாயங்காலம் ஆறு மணிக்குப் படுத்தவரு இன்னும் எந்திரிக்கல. ரெண்டு தடவ உலுக்கிட்டேன். ‘ம்’ங்கறாரு, திரும்பிப் படுத்துக்கறாரு. எனக்கு பயமா இருக்கு.”

இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. போனேன். மாடி அறை. ஜன்னல் திறந்திருந்தது. சுவரோரம் ஓட்டுநர் பயிற்சிப் பலகைகள் அடுக்கி வைத்திருந்தார்கள். கட்டிலில் குப்புறக் கிடந்தார், ஒரு கை கீழே தொங்கியது. சட்டையைக்கூட மாற்றவில்லை. மனைவி நிலைப்படியிலேயே நின்றார், உள்ளே வரப் பயந்து.

மூச்சைப் பார்த்தேன். நிதானம். நெற்றியைத் தொட்டேன். சூடில்லை. உதட்டு நிறம் சரி. தொங்கிய கையின் மணிக்கட்டைப் பிடித்து ஒரு நிமிடம் முழுசாகப் பார்த்தேன். அறுபத்தாறு. ஒழுங்காக அடித்தது.

“சர்க்கரை, பிரஷர் ஏதாவது உண்டா?”

“ஒண்ணும் இல்ல. அந்தப் பொண்ணு வந்த நாள்லேர்ந்து ராத்திரியில கண்ணு மூடல அக்கா, அதான். மோட்டுவளையப் பாத்துக்கிட்டே கெடப்பாரு. கேட்டா, ஒண்ணுமில்லம்பாரு.”

எத்தனை நாள் என்று மனதுக்குள் கூட்டிப் பார்த்தேன். ஒரு மாதத்துக்கு மேல்.

“வியாதி இல்ல. தூக்கம். பாக்கித் தூக்கமெல்லாம் சேத்து வருது. எழுப்பாதீங்க.”

“மத்தியானச் சாப்பாடு?”

“பசிச்சாத் தானா எந்திரிப்பாரு. தண்ணி மட்டும் பக்கத்துல வைங்க.”

தொங்கிய கையைத் தூக்கிக் கட்டில் மேல் வைத்தேன், தொங்கவிட்டால் மரத்துப்போகும். அவர் கண்ணைத் திறக்காமலே, “வந்துருச்சில்ல?” என்றார்.

“வந்துருச்சு” என்றேன்.

மறுபக்கம் திரும்பிக்கொண்டு மறுபடி தூங்கிவிட்டார். மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார், அழவும் செய்தார். ஜன்னல் திரையை இழுத்துவிடச் சொல்லிவிட்டுக் கீழே இறங்கினேன்.